வயர் இல்லாத ஸ்பீக்கரும் இருபத்து மூன்று கோழிகளும்

2007ஆம் ஆண்டு செப்டம்பர் 15, சனிக்கிழமை, முற்பகல் 10 மணி 42 நிமிடம். வானம் மூடியிருந்தது. காலையில் பதினொரு நிமிடம் தூறிவிட்டு நின்றிருந்தது. கூடத்துச் சுவரில் நான் மாட்டியிருந்த வெப்பமானி 31 டிகிரி காட்டியது. அந்த நேரத்தில், ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கூவிக்கொண்டிருந்த இருபத்து மூன்று கோழிகள் "கொக்" என்று சொல்ல வாயெடுத்து, "க்க்க்க்க்" என்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டன. பத்தொன்பது விநாடி அப்படியே கத்தின. பிறகு அடங்கிப்போயின.

கோழிகள் இருந்தது கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் இருந்தது கூடத்தில். சத்தம் மட்டும்தான் சமையலறையில் இருந்தது. என் மனைவி கையில் கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். திரை முழுவதும் நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஆங்கிலம் ஓடியிருந்தது. பதினேழு வரிகள் இருந்தன. நான் எண்ணி முடிப்பதற்குள் அதுவும் அணைந்தது.

"என்னங்க, எல்லாம் போச்சு! நூத்தி நாலு முட்டை எடுத்து வச்சிருந்தேன்."

"நூத்தி நாலா? நல்லா பாத்தியா?"

"இப்ப அதான் கவலையா உங்களுக்கு?"

அதுதான் எனக்குக் கவலை. எண்ணுவது என் பழக்கம். தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் அளவுப் பிரிவில் இருந்தேன். மெஷினில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தோலும் எத்தனை சதுர அடி என்று பார்த்து, அதன் பின்பக்கத்தில் எழுதி, கட்டுக் கட்டாகக் கூட்டிப் போடும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கூட்டல் நிற்கவில்லை. ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது மின்விசிறிகளை எண்ணுவேன். பதினாறு இருக்கின்றன, ஓடுபவை பதினொன்று.

என் மனைவி ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தவள். அப்படிப்பட்டவள் அறுபத்து மூன்றாம் வயதில் கம்ப்யூட்டரில் கோழி வளர்க்கக் காரணம் ஓர் ஆர்மோனியம்.

அது அவள் அம்மாவுடையது. ஒடுகத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆலயத்தில் அந்த அம்மா வாசித்துக்கொண்டிருந்தார். அதில்தான் என் மனைவி ஏழு வயதில் விரல் வைத்துப் பழகினாள். அம்மா இறந்ததும் பெட்டி வேலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. தங்கை தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு ஆர்மோனியத்தில் எந்தப் பக்கம் காற்றுத் துருத்தி என்பதுகூடத் தெரியாது. அதன் மேல் டெலிபோனை வைத்திருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் பெட்டி உள்ளுக்குள் முனகுவதாக என் மனைவி சொல்வாள். எட்டு வருடத்தில் ஆறு தடவை வாய்விட்டுக் கேட்டாள். ஆறு தடவையும் தங்கை, "அது அம்மா ஞாபகம்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருடம் ஜூலையில் இருவருடைய வீட்டிலும் ஒரே பண்ணை ஆட்டம் வந்து சேர்ந்தது. கோழி முட்டையிட்டால் கூவும், உடனே எடுக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் ஆடு கத்தும். வேலிக்கு வெளியே நரி ஊளையிட்டால் பன்னிரண்டு விநாடிக்குள் கதவை மூட வேண்டும். மொத்தம் நாற்பது கட்டம். தினமும் தொலைபேசியில் அக்காவும் தங்கையும் ஆட்டு நிலவரம் பேசினார்கள். ஒரு நாள் பேச்சு முற்றியது. என் மனைவி ஸ்பீக்கர் பட்டனை அழுத்தியிருந்ததால் நானும் கேட்டேன்.

"நாப்பது ஸ்டேஜும் எனக்கு முன்னாடி முடிச்சிடுக்கா. அறுப்பின் பண்டிகைக்கு நான் ஆம்பூர் வர்றப்ப முடிச்சதைக் காட்டு. ஆர்மோனியத்தைத் தூக்கிட்டுப் போ."

"முடிக்கலன்னா?"

"முடிக்கலன்னா இனிமே அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. எப்பவும்."

என் மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு, "சரி" என்றாள்.

எங்கள் ஆலயத்தில் விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை அக்டோபர் கடைசி ஞாயிறு. அதாவது 28ஆம் தேதி. பந்தயம் போட்ட அன்று தங்கை பதினொன்றாவது கட்டத்தில் இருந்தாள், இவள் ஏழில் இருந்தாள். இவளுக்கு இருந்த பெரிய இடைஞ்சல் சமையல். அடுப்படியில் நிற்கும்போது கூடத்தில் கோழி கூவுவது கேட்காது. குழம்பு தாளித்துவிட்டு வந்தால் நரி தின்றுவிட்டுப் போயிருக்கும்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகன் செப்டம்பரில் விடுமுறைக்கு வந்தபோது அதற்கு மருந்து கொண்டுவந்தான். வயர் இல்லாத ஸ்பீக்கர்கள், இரண்டு. கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால், அது சத்தத்தைக் காற்றிலேயே அனுப்பும். ஸ்பீக்கர்களைச் சமையலறையில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் மற்றதைக் கதவோரம் அரிசி டிரம்மின் மேலும் வைத்தோம். பழைய ஸ்பீக்கருக்கு மூன்று வயர் இருந்தது. வயர் இல்லாத ஸ்பீக்கருக்கு ஐந்து வயர் என்று எண்ணிச் சொன்னேன். மகன் சிரித்துவிட்டு 13ஆம் தேதி இரவு விமானம் ஏறிவிட்டான்.

பழைய ஸ்பீக்கர்கள் இரண்டும் கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருந்தவை. அவற்றை எடுத்ததும் பெட்டி மொட்டையாகத் தெரிந்தது. மேலே தூசு படியும் என்ற கவலை வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பொருளையும் வெறும் உடம்போடு விடமாட்டோம். கம்பெனியில் மிஞ்சும் கட் பீஸ் தோல் எப்படியாவது வீட்டுக்கு வந்துவிடும். டி.வி. ரிமோட்டுக்கு உறை, குக்கர் கைப்பிடிக்கு உறை, வேதாகமத்துக்கு உறை, குடைக்கு உறை, தண்ணீர்க் குழாய் சொட்டினால் அதற்குக்கூட ஓர் உறை உண்டு. எங்கள் மாடியில் குடியிருந்த பெண் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியை நானே அளந்து கொடுத்தேன். மேல், முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு, ஆக ஐந்தே முக்கால் சதுர அடி. ஆட்டுத்தோல், மெல்லிய சாம்பல் நிறம், ஒரு தழும்பு இல்லாதது. 14ஆம் தேதி மாலைக்குள் தைத்துக் கொடுத்தாள். முன்பக்கத்தில் சுவிட்சுக்கு மட்டும் ஒரு சன்னல். பின்பக்கத்தில் மூன்று பட்டன் வைத்த மடிப்பு. ஸ்பீக்கரைச் செருகும் பின்னுக்கும் மற்ற வயர்களுக்கும் காஜா எடுத்த துளைகள். போட்டுப் பார்த்தபோது அளவெடுத்த கோட்டு மாதிரி இருந்தது. விரல் நுழைய இடமில்லை. கால் அடிகூட வீணாகவில்லை.

மறுநாள்தான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை.

முதல் தடவை என்பதால் கோபித்துக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போட்டோம். அரை மணிக்கு மேல் ஓடியது. மறுபடி "க்க்க்க்க்." அன்று மூன்று தடவை. மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து ஆடியதில் இரண்டு தடவை. திங்களன்று நான் ஒரு பழைய அளவுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, மணி, வானிலை, எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனையாவது கட்டம், அப்போது எத்தனை கோழி, எத்தனை ஆடு, வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்துக் கணக்கு தெளிவாகவே பேசியது. நிற்பதற்கு முன் சராசரியாக முப்பத்தெட்டு நிமிடம். காலையில் நாற்பத்து நான்கு, மத்தியானம் முப்பத்தொன்று, மழை பெய்தால் ஐம்பது வரை. இதிலிருந்து, மத்தியானம் எல்லா டேனரியிலும் தோல் ஊறும் டிரம் சுற்றுவதால் மின்சாரம் மெலிந்துவிடுகிறது, மழையில் வேலை குறைவதால் தேறிவிடுகிறது என்று முடிவு செய்தேன். ஒரு யு.பி.எஸ். வாங்கினேன். வாங்கிய அன்று முப்பத்தாறாவது நிமிடத்தில் நின்றது. யு.பி.எஸ். மட்டும் ஒரு கீச்சுக் கத்தலோடு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்துக் கோழி வரிசையைக் கூட்டிப் பார்த்தேன். நின்ற பெரும்பாலான சமயங்களில் கோழிகள் இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு.

"இனிமே இருபத்தி ரெண்டு கோழிக்கு மேல வாங்காதே" என்றேன்.

"இருபத்தி ரெண்டை வச்சிக்கினு எப்படிங்க? நூத்தி இருபது முட்டை கேக்குது."

"கம்ப்யூட்டரால தாங்க முடியல."

"கம்ப்யூட்டரா முட்டை போடுது?"

ஆனாலும் எனக்காக ஒரு நாள் இருபத்திரண்டோடு நிறுத்திப் பார்த்தாள். முப்பத்தேழாவது நிமிடத்தில் நின்றது. அன்று இரவு சாப்பாட்டில் என் தட்டில் முட்டை வைக்கவில்லை.

இருபதாவது கட்டம் வரைக்கும் ஒரு கட்டத்துக்குக் கால் மணி போதும். நின்றாலும் ஒன்றோடு போகும். இருபதுக்கு மேல் ஒவ்வொரு கட்டமும் முக்கால் மணி. நடுவில் சேமித்து வைக்க வழியில்லை. முப்பத்தெட்டு நிமிடத்தில் நிற்கும் பெட்டியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரக் கட்டத்தை எந்தக் காலத்திலும் முடிக்க முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது என் மனைவி காகிதத்தைப் பார்த்துவிட்டு, அன்று மாலை தங்கையின் தொலைபேசியை எடுக்கவில்லை.

பெட்டியைப் பஜாரில் இருக்கும் பாயிடம் கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். முன்பு ரேடியோ, டி.வி. பழுது பார்த்தவர், என் வயதுக்கு ஐந்து குறைவு. இப்போது கம்ப்யூட்டர். ஆட்டோவில் வைத்தால் தோல் உறையில் கீறல் விழும் என்று உறையைக் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டு, வெறும் பெட்டியைக் கொண்டுபோனேன். ஸ்பீக்கர்களையும் எடுத்துப் போனேன்.

பாய் எல்லாவற்றையும் மாட்டிப் பண்ணையை ஓடவிட்டார். பதினொரு மணிக்குப் போட்டது மூன்று மணி வரைக்கும் ஓடியது.

"சார், நான் தொழுகைக்குப் போய்ட்டு வந்துட்டேன், டீ குடிச்சிட்டேன், ரெண்டு கஸ்டமர் பாத்துட்டேன். இன்னும் கோழி மேயுது. இன்னா பேஜார் இது?"

"வீட்ல நிக்குது பாய்."

"டாக்டரைப் பாத்தா வயித்து வலி போயிடற மாதிரி. சரி, எதுக்கும் ஃபார்மட் அடிச்சு வுடறேன்."

ஃபார்மட் அடித்ததில் என் மனைவியின் இருபது கட்டங்களும் அழிந்துபோயின. அதை அவளிடம் சொல்ல எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அவள் மீண்டும் முதல் கட்டத்தில் இரண்டு கோழியோடு ஆரம்பித்தாள். நான் உறையை மாட்டி மூன்று பட்டனையும் போட்டேன். முப்பத்தெட்டாவது நிமிடம்.

இரண்டாவது தடவை போனபோது பாய் மெமரி மாற்றினார், மறுபடி ஃபார்மட் செய்தார், இந்த முறை பண்ணையைத் தனியே ஒரு சி.டி.யில் எடுத்து வைத்துக்கொண்டு. கடையில் ஐந்து மணி நேரம் ஓடியது. கடைசியில் அவரே ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். அவர் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று நான் உறையை முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தேன். அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூன்று டீ. பெட்டி கண்ணியமாக ஓடியது.

"எர்த்து வீக்கா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது எர்த்துக்காகக் குழாயடிக்குப் பக்கத்தில் இரண்டரை அடி பள்ளம் தோண்ட ஆள் வைத்தேன். கரியும் உப்பும் மாற்றி மாற்றி ஏழு அடுக்கு போட்டோம்.

"இன்னா, ஊறுகாயா போடறீங்க?" என்று என் மனைவி சமையலறை சன்னல் வழியாகக் கேட்டாள்.

ஊறுகாய் போட்டிருந்தால் சாப்பிடவாவது பயன்பட்டிருக்கும்.

மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, சி.பி.யு. சூடாகுதா பாத்தீங்களா?"

"வேலூர் ஜில்லாவுல சூடாகாம எதுடா இருக்கு?"

"அது இல்லப்பா, உள்ள காத்து போறதுக்கு எடம்..."

"ஐம்பத்தி எட்டு செகண்ட் ஆயிடுச்சு. அடுத்த நிமிஷம் ஏறிடும். வச்சிடு."

வைத்துவிட்டேன். பணம் அவனுடையதுதான், ஆனாலும் நிமிடம் நிமிடம்தான்.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் நான் குற்றவாளியைக் கண்டுபிடித்தேன். ஒரு நாள் ஸ்பீக்கர் பின்னைக் கழற்றிவிட்டு ஆடச் சொன்னேன். பின்னைக் கழற்ற வேண்டுமானால் உறையின் பின்பக்கப் பட்டன்களை அவிழ்த்து, மடிப்பை மேலே தூக்கிப் போட வேண்டும். பின்தான் இல்லையே, மூட என்ன இருக்கிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் ஓடியது. மறுநாள் ஸ்பீக்கரை மாட்டினேன், மடிப்பைப் பட்டன் போட்டு மூடினேன், நாற்பதாவது நிமிடத்தில் நின்றது. இப்படிப் பன்னிரண்டு நாள் மாற்றி மாற்றிச் செய்து எழுதினேன். ஸ்பீக்கரோடு ஆறு நாள், பதினான்கு தடவை நின்றது. ஸ்பீக்கர் இல்லாமல் ஆறு நாள், ஒரு தடவைகூட நிற்கவில்லை. இதைவிடச் சுத்தமான நிரூபணம் உண்டா? காற்றில் போகும் சத்தம் திரும்பி வந்து பெட்டிக்குள் புகுந்து மூளையைக் கலக்குகிறது என்று விளக்கம் எழுதி, அட்டவணையோடு மகனுக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் போட்டேன். பாயிடமும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "சார் எழுதி இருக்கறதப் பாத்தா ஸ்பீக்கர்தான் சார்" என்று சொல்லிவிட்டார்.

என் மனைவிக்கு அந்த நிரூபணத்தில் சந்தோஷம் இல்லை. ஸ்பீக்கர் இல்லாத நாட்களில் அவள் கூடத்தைவிட்டு நகர முடியாது. அந்த ஆறு நாளும் எனக்கு மத்தியானம் கிடைத்தது முந்தின நாள் சாம்பார். அவளும் அப்படி உட்கார்ந்த நாட்களில்தான் முன்னேறினாள். அக்டோபர் 25 வியாழனன்று அவள் இருபத்தொன்பதில் நின்றாள். தங்கை முப்பத்தொன்பது என்று செய்தி வந்திருந்தது. பண்டிகைக்கு மூன்று நாள்.

அன்று ஸ்பீக்கர் முறை. விருந்தாளி ஒருவர் வருவதால் சமையல் செய்தே ஆக வேண்டும். பதினொன்றே கால் மணிக்கு, இருபத்தொன்பதாவது கட்டத்தில் நூற்றுப் பத்து முட்டை சேர்ந்திருந்தபோது, கோழிகள் "க்க்க்க்க்" என்றன. அவள் கூடத்துக்கு வந்தாள். அழவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேல் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அதுவரைக்கும் வீட்டில் ஓடும்போது அந்தப் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொட்டது கிடையாது. நான் தொடுவதும் ஒரு விரலால், சுவிட்சை மட்டும். அவள் அடித்த கையை எடுக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் புறங்கையை வைத்தாள். பக்கவாட்டில் வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னங்க, இதுக்கு ஜுரம் அடிக்குது."

"கம்ப்யூட்டருக்கு ஏதும்மா ஜுரம்?"

அவள் உள்ளே போய் நர்ஸ் வேலையில் வைத்திருந்த தர்மாமீட்டரைக் கொண்டுவந்து, மூன்று தடவை உதறி, பட்டனுக்கு இடையில் தோலுக்கு அடியில் செருகினாள். என் கடிகாரத்தில் ஒரு நிமிடம் பார்க்கச் சொன்னாள். இருபத்திரண்டு விநாடியில் பாதரசம் நூற்றெட்டுக்குப் போய் முட்டியது. அதற்கு மேல் கோடு இல்லை.

"மொதல்ல சட்டையக் கழட்டுங்க" என்றாள்.

"இது ஷூ உள்பக்கத்து லைனிங் தோல்மா. காத்து போகும்."

"முப்பத்தோரு வருஷம் பாத்திருக்கேன். நூத்தி மூணு ஜுரத்துல கொழந்தய ஸ்வெட்டர் போட்டு, குல்லா போட்டு, கம்பளி சுத்தி தூக்கிக்கினு வருவாங்க. ஊசி கூட அப்புறம்தான். மொதல்ல அதெல்லாம் உருவிப் போடுவோம். கழட்டுங்க!"

வார்டில் குழந்தைகளின் தாய்மார்களிடம் பேசிய குரல் அது. நான் பட்டனை அவிழ்த்தேன். உறையை உருவியபோது உள்ளேயிருந்து சூடான தோல் வாசனை பொங்கி வந்தது. ஆறு வாரமாக அந்த வாசனை கூடத்தில் இருந்திருக்கிறது. டில்லியிலோ மதுரையிலோ ஒருவர் வீட்டுக்குள் தோல் வேகும் வாசனை வந்தால் பதறிப்போயிருப்பார். ஆம்பூரில் அதை யார் கவனிப்பார்கள்? வீட்டுக்கு வந்த பாயும் அந்த வாசனையில் உட்கார்ந்துதான் மூன்று டீ குடித்தார். உறைக்குள் மறைந்திருந்த பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன மின்விசிறி இருந்தது. தோலின் உட்பக்கத்தில் அதன் வட்டம் அச்சாக விழுந்திருந்தது.

அவள் டேபிள் ஃபேனை இழுத்து வந்து பெட்டிக்கு நேராக வைத்தாள். ஈரத்துணி எடுக்கப் போனவளை நான்தான் தடுத்தேன். அரை மணி ஆறவிட்டு, ஸ்பீக்கரோடு சுவிட்சைப் போட்டோம். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோழி கூவியது. ஐம்பது. எழுபது. மூன்று மணி பத்து நிமிடம் கழித்து அவளே களைத்து எழுந்தாள்.

"நான் அட்டவணை போட்டேன்" என்றேன்.

"போட்டீங்க. அதுல சட்டைக்கு ஒரு கோடு போடலியே."

நரி குறுக்கிட்டதில் அன்று இருபத்தொன்பது மட்டுமே முடிந்தது; மீதி பதினோரு கட்டங்கள் இருந்தன. வெள்ளியன்று காலை அவள் சமையலறைக்குப் போகவே இல்லை. நானே போனேன். இரண்டு நாள் சமையலை நான் செய்தேன். ரசம், ரசம், ரசம். நான் அடுப்படியில் நிற்க, ஸ்பீக்கர்கள் இரண்டும் என் இரு பக்கத்திலும் கத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. நரி வேலிக்கு இடது பக்கம் வந்தால் அடுப்படி ஸ்பீக்கர் ஊளையிடும், வலது பக்கம் வந்தால் அரிசி டிரம் ஊளையிடும். திரையில் பண்ணை பெரிதாகிவிட்டதால் இரண்டு மூலையையும் ஒரே நேரத்தில் அவளால் பார்க்க முடியவில்லை.

"அடுப்பு!" என்று கத்துவேன். இடது கதவு மூடும்.

"டிரம்மு!" வலது கதவு.

"ஆடு எந்தப் பக்கங்க?"

"ஆடு நடுவுல. ரெண்டுலயும் கேக்குது. தண்ணி வுடு!"

ஸ்பீக்கர்களை எடுத்து வந்து கூடத்திலேயே அவளுக்கு இரு பக்கமும் வைத்திருக்கலாம். அது எங்கள் இருவருக்கும் திங்கட்கிழமைதான் தோன்றியது.

சனிக்கிழமை மாலை 6 மணி 50 நிமிடத்துக்கு நாற்பதாவது கட்டம் முடிந்தது. திரையில் ஒரு கோப்பையும் வாழ்த்தும் வந்தன. வாழ்த்தை அணைத்தால் திரும்ப வருமோ வராதோ என்ற பயத்தில் கம்ப்யூட்டரை விடிய விடிய ஓடவிட்டேன். டேபிள் ஃபேன் அதன் பக்கமே திரும்பியிருந்தது. எங்களுக்கு வியர்த்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து தங்கை வீட்டுக்கு வந்தாள். ஆலயத்தில் ஏலத்தில் எடுத்த இரண்டு பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, நெஜமா நீயே ஆடினியா? மாமா ஆடலியே?"

"அவரா? அவரு ரசம் வச்சாரு."

"முப்பத்தொம்போதுல நரி ரெண்டு பக்கமும் வருமே, அத எப்படிப் பாத்த?"

"பாக்கல. கேட்டேன். நீ கேக்க மாட்டியா?"

"எங்க வூட்ல சத்தத்தை அணைச்சிட்டுத்தான் ஆடணும். மருமவ நைட் ட்யூட்டி, பகல்ல தூங்குது." தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணு வாரமா முப்பத்தொம்போதைத் தாண்ட முடியலக்கா. எத்தினி கோழிய தின்னுச்சு தெரியுமா அந்தப் பீடை?"

என் மனைவி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கோ" என்றாள் தங்கை. "நெஜமாத்தான் சொல்றேன், எடுத்துக்கோ. எனக்கு அது இன்னாத்துக்கு? நீ வாசிக்கறதையாவது கேக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, பெட்டி போய்ட்டா போனை எங்க வைக்கறது?"

நவம்பர் 3ஆம் தேதி வேலூரிலிருந்து ஒரு சின்ன டெம்போவில் ஆர்மோனியம் வந்தது. திறந்து பார்த்தபோது துருத்தியை எலி கடித்திருந்தது. பஜாரில் பாய்க்குத் தெரிந்த ஒருவர் அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். பத்தாம் நாள் காலை என் மனைவி தரையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தாள். முப்பத்தேழு கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். முப்பத்து நான்கு பேசின, மூன்று பேசவில்லை. பேசாத மூன்றையும் தாண்டித் தாண்டியே ஒரு ஞானப்பாட்டை வாசித்து முடித்தாள். சமையலறையில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்து போகவில்லை.

அன்று பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து கூட்டினேன். மகன் கொடுத்த ஸ்பீக்கருக்குச் செலவில்லை, தோல் கட் பீஸ் என்பதால் அதற்கும் இல்லை. உறையின் பட்டன், நூல், யு.பி.எஸ்., மெமரி, இரண்டு ஃபார்மட், ஆட்டோ, கரியும் உப்பும் பள்ளமும், டெம்போ, துருத்தி வேலை, தங்கை வீட்டு டெலிபோனுக்கு ஒரு ஸ்டாண்ட், எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய்.